ஓடையைத் தாண்டி வந்த பஸ்

அத்திமேட்டுக் காலனியில் அம்முலுவை ‘ரோட்டுக்காரி’ என்றுதான் சொல்வார்கள். உத்திரமேரூரைச் சுற்றி எங்கே ஜல்லி கொட்டினாலும் அந்த வேலையில் அவள் இருப்பாள். கல்யாணமாகி வந்த வருஷமே கூடையைத் தூக்கியவள். கால் விரல் இடுக்கிலெல்லாம் தார் ஏறி, எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. காலையில் எல்லப்பன் மேஸ்திரி மானாம்பதி கூட்டுரோட்டில் லாரியோடு நிற்பார். காலனிப் பெண்கள் அதுவரை நடந்துபோய் ஜல்லிக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடுவார். மறுபடி நடை.

அவர்கள் போட்ட ரோட்டிலெல்லாம் பஸ் ஓடியது. அத்திமேட்டுக்கு மட்டும் கிடையாது. ரோடு இல்லாமல் இல்லை. கூட்டுரோட்டில் பிரிந்து, ஓடையைக் கடந்து, காலனியைத் தொட்டுக்கொண்டு ஊருக்குப் போகும் மண் ரோடு அது. ஒரு பெருமழையில் ஓடைப் பாலம் பாதி இடிந்து விழுந்தது. பாலம் சரியாகாமல் பஸ் விட முடியாது என்று டிப்போவில் கைவிரித்துவிட்டார்கள்.

அம்முலுவின் புருஷன் ஏசுதாஸுக்கு டி.பி. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கூட்டுரோடு போய்ச் சேர்வதற்குள் அங்கங்கே உட்கார்ந்துவிடுவான். திரும்பி வரும்போது போனதைவிட மோசமாக வருவான். ஒருநாள் வேலை முடிந்து வந்த அம்முலு, வழியில் புளியமரத்தடியில் அவன் சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். “இனிமே ஊசியும் வாணாம் ஒண்ணும் வாணாம், நடக்க முடியல” என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பல வருஷமாக நடக்காமலிருந்த பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து, ராஜாராம் தலைவராகியிருந்த சமயம் அது. ரோட்டுக்குப் பணம் வந்திருப்பதாகப் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் போட்டார். அவருடைய ரைஸ் மில்லிலிருந்து ஏரிக்கரை ஓரமாகப் போய் மெயின் ரோட்டைத் தொடும்படி ஒரு புது ரோடு போடலாம் என்றார்.

“நெல்ல மாட்டு வண்டியில ஏத்தி மானாம்பதி போறதுக்குள்ள மய புடிச்சிக்குது. லாரி ஊருக்குள்ள வந்தா எல்லாருக்கும்தான் நல்லது. ரோடு வந்தா பின்னாலயே பஸ்ஸும் வரும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. நெல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த அம்முலு குரல் கொடுத்தாள். “புது ரோடு மில்லுக்கில்ல தலைவரே போவுது? பஸ்ஸு மில்லுக்கு வந்து இன்னா பண்ணும்? அந்தப் பணத்துல ஓடைப் பாலத்தக் கட்டினா பஸ்ஸு காலனிக்கும் வரும், ஊருக்கும் வரும்.”

வார்டு மெம்பர் முத்துகிருஷ்ணன் சிரித்தார். “ரோடு போட்டா உனக்குத்தாண்டி கூலி. உன் சோத்துல நீயே மண்ணு போட்டுக்கிறியா?”

“போட்டுக்கிறேன். ஊருக்கெல்லாம் ரோடு போட்டுட்டு நான் நடந்தே வூட்டுக்கு வரணுமா? எனக்கு ரோடு வாணாம். பஸ்ஸு வோணும்.”

கை தூக்கச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் புது ரோட்டுக்குத் தூக்கினார்கள். கூலி கிடைக்குமே என்று காலனியிலும் பாதிப் பேர் தூக்கினார்கள். அம்முலு அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. முடிவு எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சில நாளில் எல்லப்பன் மேஸ்திரி காலனிக்கே வந்துவிட்டார். “வா அம்முலு. வூட்டாண்டயே வேலை. லாரி ஏற வாணாம்.”

“அந்த ரோட்டுக்கு ஒரு கூடை ஜல்லி தூக்க மாட்டேன் மேஸ்திரி.”

“அப்பால எந்த வேலைக்கும் உன்னக் கூப்ட மாட்டேன்.”

“கூப்டாத.”

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஏசுதாஸ் எழுந்து உட்கார்ந்தான். “இன்னாடி பேஜாரு இது? நான் படுத்துக்கினு கீறேன். நீ வர்ற வேலையும் வாணாம்ன்றியே.”

“நீ எயுந்து ஊசிக்குப் போறேன்னு சொல்லு. இப்பவே கூடையத் தூக்கிக்கினு போறேன்.”

ஏசுதாஸ் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் கூடையும் கடப்பாரையுமாக அவள் ஓடைக்குப் போனாள். பாலத்தின் ஒரு பக்கச் சுவர் சரிந்து, கல்லெல்லாம் கீழேயே கிடந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிக் கரையேற்றினாள். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் களையெடுத்துவிட்டு வந்து, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். “பைத்தியமா புட்ச்சிருக்கு உனக்கு” என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகி ஓடையில் இறங்கினாள். அப்புறம் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். கொத்து வேலை தெரிந்த கிருஷ்ணசாமி சுவரை எழுப்பிக் கொடுத்தான். வயல் வேலை இல்லாத நேரமெல்லாம் ஓடையில் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஏரிக்கரையில் புது ரோட்டு வேலையின் சத்தம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டிய மண்ணும் பாதிச் சுவரும் தண்ணீரோடு போயின. ஊரில் சிரித்தார்கள். சிட்டம்மாள்கூட, “போதும் அம்முலு, வுட்டுடு” என்றாள்.

“தண்ணி வடியட்டும்” என்றாள் அம்முலு.

வடிந்தது. மறுபடி கட்டினார்கள்.

தை மாதத்தில் அத்தனை பேரும் டிப்போவுக்குப் போய் நின்றார்கள். இன்ஜினியர் பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுக்காமல் பஸ் வராது என்றார் அங்கிருந்த அதிகாரி.

“அந்த இன்ஜினியர இட்டாந்து காட்டுங்க.”

“அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா.”

“எங்களுக்கு இல்ல. இங்கியே குந்திக்கினு கீறோம்” என்று சொல்லி, அம்முலு டிப்போ வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்தது. பயணிகள் திட்டினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து லத்தியைத் தரையில் தட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இன்ஜினியரை அனுப்புவதாக அதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் எழுந்தார்கள்.

இன்ஜினியர் வந்தார். பாலத்தின் மேல் நடந்து பார்த்துவிட்டு, இது பஸ் பாரம் தாங்காது என்றார். அம்முலுவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் அவர் போய்விடவில்லை. கீழே இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அடிச்சுவர் பரவாயில்லை, மேலே கான்கிரீட் போட்டால் போதும் என்று ஒன்றியத்துக்கு எழுதினார். அதற்குப் பஞ்சாயத்து ஒப்புதல் வேண்டியிருந்தது. ராஜாராம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். புது ரோட்டில் அப்போது நெல் லாரி ஓட ஆரம்பித்திருந்தது. பஸ் எதுவும் அதில் வரவில்லை.

கோடை முடிவதற்குள் கான்கிரீட் போட்டு, ஓடையைத் தாண்டி பஸ் வந்தது, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. எல்லப்பன் மேஸ்திரி சொன்ன சொல் மாறவில்லை. அம்முலு நாற்று நடவும் கதிர் அறுக்கவும் போய்க் கஞ்சி குடித்தாள். ஏசுதாஸ் மறுபடி ஊசிக்குப் போனான்.

முதல் நாள் அவனோடு அவளும் போனாள். மாலையில் திரும்பும்போது பஸ் காலனியில் நிற்காமல் ஊருக்குப் போயிற்று.

“காலனியில ஸ்டாப்பிங் இல்லம்மா. இங்க இறங்கி நடந்து போங்க” என்றார் கண்டக்டர்.

“எறங்க மாட்டேன்.”

“பஸ் திரும்ப உத்திரமேரூர் போகுது.”

“போவட்டும். போற வழியிலதான காலனி கீது? அங்க நிப்பாட்டு.”

“அப்ப இன்னொரு டிக்கெட் எடு.”

“இன்னும் என் எடமே வரல. எதுக்கு இன்னொரு டிக்கெட்டு?”

ஏறக் காத்திருந்த ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஏசுதாஸ் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். “வாடி, நடந்துடலாம்.” அவள் கையைத் தட்டிவிட்டாள். பஸ் கிளம்பிற்று. காலனி நெருங்கியும் கண்டக்டர் விசில் ஊதவில்லை.

அம்முலு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நிப்பாட்டலன்னா உத்திரமேரூர் வரைக்கும் வருவேன். நாளைக்கும் வருவேன். எத்தினி நாளு இட்டுக்கினு சுத்துறேன்னு பாக்கறேன்.”

ஏசுதாஸ் துண்டில் வாயைப் பொத்தி இருமினான். இருமி முடித்து, “நானும் வருவேன்” என்றான்.

டிரைவர் சிரித்துவிட்டு பிரேக்கை மிதித்தார்.

அதற்கப்புறம் அந்தக் கண்டக்டர் காலனி முனையில் சொல்லாமலே விசில் ஊதினார். புதிதாக வருகிற கண்டக்டர்களுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அம்முலு அதற்குச் சலித்ததே இல்லை.