மாடிப்படி சார்

சேர்க்கை நாட்களில், கணினித் துறையின் நீண்ட வரிசையில் கையில் விண்ணப்பமே இல்லாத ஒருவர் நின்றுகொண்டிருப்பார். முன்னால் நிற்பவரிடம் மெல்லக் குனிந்து, "கால் வலிக்கலயாம்மா? நம்ம டிபார்ட்மென்ட்ல வரிசையே கிடையாது. நேரா வந்து உட்காரலாம்" என்பார். தத்துவத் துறையின் தலை அவர்தான், வாலும் அவர்தான்.

பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பல்கலைக்கழகம் வெறும் இரண்டு தகரக் கூடங்கள். அவற்றில் பெரியது இவருடையது. பிறகு கட்டடங்கள் முளைத்தன, லிஃப்ட் வந்தது, வாசலில் நீரூற்றுகூட வந்தது. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் முதல் ஆளாகக் கைதட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பார். தம் அறை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். இப்போது ஐந்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறார். பிள்ளைகள் வைத்த பெயர் 'மாடிப்படி சார்'. அதில் அவருக்கு வருத்தமில்லை. "எல்லாரும் என் தலைமேல ஏறித்தானே மேல போறாங்க? வாத்தியாருக்கு வேறென்ன வேணும்!"

கணினித் துறையின் தலைவி அவருடைய மனைவி. "வீட்ல என் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னுறது போதாதுன்னு, இங்க என் வரிசையிலயும் கை வைக்கிறீங்களா?" என்பார்.

"உங்கிட்ட கடலே இருக்கு. நான் ஒரு சொம்புதானே மொண்டுக்கறேன்?"

இந்த ஆண்டு அது விளையாட்டாக இல்லை. ஐந்து பேராவது சேராவிட்டால் துறையை மூடிவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. கடைசி நாள் பிற்பகல்வரை நான்கு பேர்தான். அவர் வரிசையைவிட்டு நகரவில்லை, பேச்சுதான் குறைந்துபோயிற்று. மனைவி வந்து தண்ணீரை நீட்டினார். கேலி எதுவும் செய்யவில்லை.

மகளுக்குத் துணையாக வந்திருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் காலையிலிருந்து இவர் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்குக் கணினித் துறையில் இடம் கிடைத்துவிட்டது. அவரோ போகாமல் தயங்கி நின்றார்.

"சார், நான் ஸ்கூல் முடிச்சவன். இதுக்கு வயசு ஏதாச்சும் இருக்கா?"

மகள் தலையில் கைவைத்தாள். "அப்பா! மானத்த வாங்காதீங்கப்பா."

"நீ மாடியில, நான் படிக்குக் கீழ. உன் கண்ணுலயே பட மாட்டேன்டி" என்றவர், பேராசிரியரிடம் திரும்பினார். "எனக்கு ராத்திரி வண்டி சார். கிளாஸ்ல கண்ணசந்துட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

பேராசிரியர் அவரைத் தம் அறைக்கு அழைத்துச் சென்றார். ஓட்டுநர் நல்ல உயரம். உள்ளே நுழைகையில் அவர் நெற்றி இடித்துவிடாதபடி, தாழ்ந்திருந்த கான்கிரீட் விளிம்பின்மேல் பேராசிரியர் தம் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.