காந்தம் ஒட்டாத வெந்நீர் டேங்க்

தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாமரங்கள் சாய்ந்தனவே, அதற்கு அடுத்த மழைக்காலம். எங்கள் வீட்டு ஓடு பறந்தது பெரிய கதை, அது கிடக்கட்டும். பிரசவத்துக்கு வந்த மகளின் பிள்ளையைக் குளிப்பாட்ட, குளியலறைப் பரணில் கரண்டில் தண்ணீர் சுடவைக்கும் எவர்சில்வர் டேங்க் ஒன்று செய்து வைத்தேன். நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த பழக்கத்தில் தகட்டில் காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாவிட்டால் துருப்பிடிக்காத நல்ல சரக்கு என்று நம்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த என் மனைவி அஞ்சலை, "ஏங்க, மேலேர்ந்து துருத்தண்ணி சொட்டிக்கினு இருக்குது" என்றாள்.

"எவர்சில்வர்ல ஏதுடி துரு? ஆவி வேர்த்திருக்கும்."

"ஆமா, உங்க காந்தம் சொல்லிச்சாக்கும்" என்றபடி பிள்ளையை அள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள். அவள் கூடத்தை எட்டுவதற்குள் டேங்கின் வெல்டிங் பிளந்து, அவ்வளவு வெந்நீரும் அவள் உட்கார்ந்திருந்த மணையில் கொட்டியது.

பிறகு வந்து பார்த்த வெல்டர், "பெரியவரே, இது 202 ரகம், விலை குறைஞ்ச எவர்சில்வர். இதுலயும் காந்தம் ஒட்டாதுங்க. உங்க போர் தண்ணி உப்பு, சூடானா இன்னும் அரிக்கும். உப்பைத் தாங்குற 316 ரகம் போட்டிருக்கணும்" என்றார்.

இப்போது தண்ணீர் படும் சாமான் எதை வாங்கினாலும் எங்கள் தண்ணீர் எப்படி என்று முதலில் சொல்லி, அதற்கேற்ற ரகத்தைக் கேட்டு வாங்குகிறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். என் பேச்சைக் கேட்காத அஞ்சலைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். வெந்நீர் டேங்க் வைக்கப்போகிறவர் யாரையாவது பார்த்தால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.