லெபேகா தரையில் உட்கார்ந்த கதை

என் அண்ணன் மனைவி லெபேகாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதியில் கொஞ்சம் நானே கிளப்பிவிட்டது. அதனால் உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் என் தலையில்தான் விழுகிறது.

ஒன்பது வருடம் அவள் எங்கள் மாதர் சபைக் கூட்டங்களுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். நூற்று அறுபது கிலோ எடை. பாயில் உட்கார்ந்தால் தூக்கிவிட நாலு பேர் வேண்டும். உள்ளே நாற்காலி போடலாமே என்று கேட்கலாம். கூட்டத்துக்கு வரும் ஊர்த்தலைவர்கள் பாயில் சம்மணம் போட்டு இருக்கும்போது அவர்களை விட உயரத்தில் உட்கார எங்கள் சவாயி தீவில் எவளுக்குத் துணிச்சல் வரும்? ஆகவே சபை வீட்டுக்கு வெளியே, சரளைக்கல் மேல், ஈரப்பலா மரத்தடியில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவர் இல்லாத வீடு, உள்ளே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மழை வந்தால் குடை பிடித்துக்கொள்வாள். இத்தனைக்கும் பாய் முடைவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த பாய்களில் பாதி அவள் கைவேலை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஆக்லாந்தில் இருக்கும் மகள்தான் பிடிவாதமாக அழைத்துப்போய் அறுவை சிகிச்சை செய்துவைத்தாள். வயிற்றை வெட்டி ஒரு வாழைப்பழம் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். எட்டு மாதம் அங்கே தங்கிவிட்டுப் படகிலிருந்து இறங்கியபோது நாற்பத்தெட்டு கிலோ போயிருந்தது. ஊர் சந்தோஷப்பட்டதா? அதுதான் இல்லை. இளைத்தவள் என்றால் நோயாளி, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. போதகர் ஞாயிறு ஆராதனையில் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வீட்டுக்கு வீடு சேம்புக் கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பு இலையும் வந்து குவிந்தன. அவள் மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

"என்ன அண்ணி, கோழிக்குப் போடுற மாதிரி சாப்பிடுறீங்க?" என்றேன்.

"கோழி வயிறு என் வயித்தை விடப் பெருசுடி மெரிபா. மிச்சத்த நீ தின்னு, உனக்குத்தான் வஞ்சனை இல்லையே."

தினமும் சாயங்காலம் நடப்பாள். துணைக்கு நான். எனக்கு நடக்கப் பிடிக்காது. ஆனால் ஊர்வம்பு முழுக்க ரோட்டில்தான் கிடைக்கிறது, அதற்காகப் போனேன். முதலில் தேவாலயம் வரை, பிறகு கடை வரை, பிறகு பாலம் வரை. எடை இன்னும் இறங்கியது.

தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு வந்த வாரம், சபைக் கூட்டத்தன்று, அவள் நாற்காலியைத் தாண்டி நேராக உள்ளே வந்தாள். தலைவர்கள் முன்னால் குனிந்து கடந்து, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டுக் கொஞ்சமும் நெளியாமல் இருந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தோம். அவள் எழவில்லை. கையை ஊன்றினாள், முழங்காலை மடித்தாள், முகம் சிவந்தது. தொடை நடுங்கி மறுபடி பொத்தென்று உட்கார்ந்தாள். எடைதான் குறைந்துவிட்டதே, இனி என்ன என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருந்தோம். அவளும்தான். கடைசியில் நாலு பேர் சேர்ந்து தூக்கினோம், பழையபடி. தலைவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தே இருந்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு நாற்காலியைத் துடைத்துச் சரளைக்கல்லில் போட்டது நான். பாசத்தில்தான் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் பாலம் வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் நர்ஸ் ஓலியானாவிடம் போனோம். அவளுக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

"உடம்பு கொழுப்ப மட்டுமா தின்னும்? சதையையும் சேத்துத் தின்னிருக்கு. நடந்தது நல்லதுதான். ஆனா தொடைக்கு என்ன வேலை குடுத்தீங்க? மீனும் முட்டையும் முதல்ல சாப்பிடுங்க, கிழங்கு அப்புறம். பாரம் தூக்குங்க. உக்காந்து எந்திரிங்க, கை ஊனாம."

"எத்தனை மாசம் ஆகும்?" லெபேகா கேட்டாள்.

"தொடையக் கேளுங்க. எனக்கென்ன தெரியும்?"

அன்றிலிருந்து அண்ணன் வீட்டு முற்றத்தில் வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள், கையை மார்பில் கட்டிக்கொண்டு, பத்துத் தடவை. அது பழகியதும் அதைவிடத் தாழ்வான தேவாலய பெஞ்சு. பிறகு கவிழ்த்துப்போட்ட வாளி. வாளி ஒரு நாள் உடைந்தது. அதையும் ஊர் ஒரு வாரம் பேசியது. பிறகு தேங்காய் திருவும் குட்டைப் பலகை. அதில் மட்டும் ஏழு வாரம் மாட்டிக்கொண்டாள். அதற்குக் கீழே தரைதான், ஒரு சாண்தான் வித்தியாசம். அந்த ஒரு சாணுக்கு அவள் துணியவே இல்லை.

பாரத்துக்கு ஆண்கள் தூக்கும் தோள்கம்பு. இரண்டு பக்கமும் கூடையைக் கட்டி, பக்கத்துக்கு இரண்டு தேங்காய் வைத்து ஆரம்பித்தாள். பத்து தேங்காய்க்கு வந்தபோது என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏய், ஊரே சிரிக்குது. நான் என்ன செத்தா போயிட்டேன்? பொம்பள கம்பு தூக்குறாளாம்!"

"அப்ப நீ வந்து தூக்கு. உன்னையும் சேத்து ஒரு கூடையில வைக்கிறேன்."

மறுநாளிலிருந்து அண்ணன் காலையில் கடலுக்குப் போய் அவளுக்கென்று மீன் கொண்டுவந்து போடத் தொடங்கினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாலம் வரை போய்விட்டு, இன்னும் கொஞ்சம் போகலாம் என்றாள். பேச்சு சுவாரசியத்தில் நானும் நேரத்தைக் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது மாலை ஜெபத்துக்கான முதல் சங்கு ஊதியது. வீடு வெகுதூரம். வேகமாக நடந்தோம். கடையைக்கூட எட்டவில்லை, இரண்டாவது சங்கும் ஊதிவிட்டது. அதற்குப் பிறகு ரோட்டில் யாரும் நடமாடக் கூடாது. எங்கே இருக்கிறோமோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். காவலுக்கு இடுப்பில் லாவாலாவாத் துணி கட்டிய ஆண்கள் ரோட்டோரம் வரிசையாக நிற்பார்கள். எங்களுக்கு நேர் எதிரே மீனவன் சேமிசி நின்றான், நாற்பது வயது, வாய் சும்மா இருக்காது.

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை, கல் இல்லை, வேலி இல்லை. பலகை வேறு, தரை வேறு.

"அக்கா, உக்காருங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சேமிசி மெதுவாகச் சொன்னான்.

உட்கார்ந்தாள். வீடுகளிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஊரே ஜெபத்தில் இருந்தது. நானும் ஜெபித்தேன், எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் கண்ணைத் திறந்தபடியே தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்தது, இனி எழலாம் என்று மூன்றாவது சங்கு ஊதியது.

"கை குடுக்கவா அக்கா?" சேமிசி இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"கிட்ட வந்த, கடிச்சிருவேன்."

ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றினாள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டாள், முற்றத்தில் செய்வது போல. தொடை நடுங்கியது, லாவாலாவாவுக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்தாள். எழுந்தாள். எழுந்தே விட்டாள்! நான் கத்திவிட்டேன். சேமிசி விசில் அடித்தான்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஆடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஐயோ, இப்ப எதுக்கு உக்காந்தீங்க?" என்றான் சேமிசி.

"மொதல்ல எந்திரிச்சது நெசந்தானான்னு பாக்கணும்."

இரண்டாவது தடவையும் எழுந்தாள், முதல் தடவையை விடச் சுலபமாக. சிரிப்பும் கண்ணீருமாக நின்றாள். நானும் அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எழப் பார்த்தேன். முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டு வர மறுத்தன.

"என்னடி, வீட்டுக்கு வர்ற எண்ணம் இல்லையா?" என்று கேட்டு, குனிந்து, என் பக்கம் கையை நீட்டினாள் லெபேகா.