நாலாவது பஞ்சர்

இலங்கையில் பெட்ரோலும் கேஸும் ஒன்றாகக் காணாமல் போன வருடத்தில் நான் ஒரு சைக்கிள் வாங்கினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் சைக்கிள் வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாரும் புத்தியுள்ளவர்கள். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதையில் சமதரை என்று காட்ட வேண்டுமானால் கோயில் வாசலையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் இருக்கும் கொஞ்ச இடத்தையும்தான் காட்டலாம். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

நான் கணக்கு டீச்சர். என் பாடசாலை நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரத்தில், இறக்கத்தின் அடியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த மாதங்களில் ஆட்டோ நோர்வூட் பெட்ரோல் வரிசையில் நின்றது, அவர் அதற்குக் காவல் நின்றார். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார். பஸ் வந்தால் வந்ததுதான். அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. தூரத்துப் பாடசாலைக்கு நேரத்துக்குப் போக முடியாத ஆசிரியர்களை வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையோடு தற்காலிகமாக இணைத்துவிடுவார்களாம். மற்ற டீச்சர்மார் எல்லாரும் சாமி கும்பிட்டார்கள். நான் மட்டும் கும்பிடவில்லை.

எங்கள் பக்கத்துப் பாடசாலை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதன் அதிபர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அலுமாரியின் மேல்தட்டில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்பார். பிறகு விரலைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். பதினான்கு வருடத்தில் என் சமையலுக்கு அவர் போட்ட ஆகக்கூடிய புள்ளி ‘பரவால்ல’ என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அந்த விரலைத் தாங்கிக்கொள்ளலாம். கிழமைக்கு ஐந்து நாள் அது என் பாடக்குறிப்பின்மேல் ஊர்ந்தால் என் கதி என்ன ஆவது?

அதனால்தான் சைக்கிள். வெளிநாடு போகிற ஒரு டீச்சரிடம் பம்போடு சேர்த்து வாங்கினேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் மட்டக்களப்பில் ஓட்டிப் பழகியிருந்தேன். அங்கே நிலம் தோசைக்கல் மாதிரி. காற்றுப் போனால் சந்திக்குச் சந்தி கடை இருந்தது. ஆகவே ஓட்டத் தெரிந்ததே தவிர, பஞ்சர் பார்க்கத் தெரியாது. அதைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை.

காலையில் முழுக்க இறக்கம். பிரேக்கைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போகும், ஆனால் இருபது நிமிடத்தில் பாடசாலை. பின்னேரம் முழுக்க ஏற்றம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நடப்பேன். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நான் தினசரிப் பொழுதுபோக்கு ஆனேன்.

“டீச்சர், சைக்கிளுக்குக் கால் வலிக்குதாங்க?”

“அதுக்கு ஒண்ணும் இல்லடி. டீச்சர் அத காத்து வாங்கக் கூட்டிக்கிட்டுப் போறாங்க!”

சிரிப்பு ஒரு மலையில் தொடங்கி அடுத்த மலையில் போய் முடியும். நானும் சிரித்து வைப்பேன். வேறென்ன செய்வது?

கேஸ் இல்லாததால் வீட்டில் விறகடுப்பு. “சும்மாதானே தள்ளிக்கிட்டு வர்ற? கவ்வாத்து வெட்டுன மலையில மிலாறு கெடக்கு, ஒரு கட்டு போட்டுக்கிட்டு வாயேன்” என்றார் வீட்டுக்காரர். கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி காய்ந்தால் அதுதான் மிலாறு. அடுப்புக்கு அதைப்போல விறகு இல்லை. ஒரு கட்டைக் கரியரில் வைத்துக் கட்டி, வெட்டிய மலைக்குள்ளிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதைக்கு வந்தேன். மறுநாள் காலையில் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குப் பாடசாலைக்கு நடந்துபோய் இரண்டாம் பாடத்துக்குத்தான் சேர்ந்தேன். பின்னேரம் சைக்கிளை நோர்வூட்டில் லொறி டயர் பார்க்கிற முதலாளியிடம் உருட்டிக்கொண்டு போனேன்.

“அனே டீச்சர், கரண்ட் நே” என்றார். கரண்ட் இல்லாமல் அவருடைய மெஷின் ஓடாது. இந்தப் பக்கம் இதை ஓட்டுகிற ஆளும் இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டபடி சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மனம் இரங்கி, சின்ன டின்னில் சொலூஷனும் பழைய லொறி டியூபில் உள்ளங்கை அளவு துண்டும் கொடுத்து, பாதித் தமிழில் வழியும் சொன்னார். ஓட்டையைக் கண்டுபிடி, உரசு, பூசு, காயவிடு, ஒட்டு.

“எவ்வளவு நேரம் காயணும்?”

“காயுற வரைக்கும்.”

எங்கள் ஊரில் இது ஒரு பதிலா? ஆனி மாத மழையில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையே மூன்று நாளானாலும் காயாது.

வீட்டில் டயரைக் கழற்ற உட்கார்ந்தேன். சாப்பிட வந்திருந்த வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

“டயர் கழட்டுறதா? எங்கிட்ட சொன்னா அஞ்சு நிமிஷம்.”

“சரிங்க, சொல்லிட்டேன். கழட்டுங்க.”

எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஆட்டோ என்றால் சக்கரத்தைக் கழற்றிக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இங்கே கடைக்காரரும் இல்லை, டீயும் நான்தான் போட வேண்டும். “இது வேற மாதிரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வந்ததெல்லாம் ஆலோசனைதான்.

டயரை நெம்ப ஏதாவது வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு நாத்தனார் கொடுத்த எவர்சில்வர் கரண்டி செட்டில் இரண்டை எடுத்தேன். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பித் தூக்கி, டியூபை வெளியே உருவினேன். இரண்டு கரண்டியும் கேள்விக்குறி மாதிரி வளைந்தன. டியூபுக்குக் காற்றடித்துப் பேசின் தண்ணீரில் அமுக்கியபோது வால்வுக்கு ஒரு சாண் தள்ளிச் சரம் சரமாகக் குமிழி வந்தது. அந்த இடத்தை அடையாளம் பண்ண வெண்கட்டியை எடுத்தேன். ஈரத்தில் எழுதவில்லை. விரலை எடுத்தால் இடம் தொலைந்துவிடும். மற்றக் கையால் நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டைப் பிய்த்து ஓட்டைக்குப் பக்கத்தில் துடைத்து ஒட்டினேன்.

“மங்களகரமா இருக்கு” என்றார் வீட்டுக்காரர்.

சொலூஷன் பூசி, காய்வதற்காக அடுப்புக்கு மேலே கொடியில், பிள்ளைகளின் காலுறைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். புகை ஏறிப் போய், வைத்த ஒட்டு வாயைப் பிளந்தது. சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு முறை பூசினேன். கரண்ட் வெட்டுக்காகத் தூசு தட்டி எடுத்து வைத்திருந்த கரி ஸ்திரிக்கைப்பெட்டியைச் சூடாக்கி, நாலு விரல் தள்ளிப் பிடித்துக் காயவைத்தேன். இந்த முறை ஒட்டியது. காற்றடித்தேன், நின்றது! கல்வியியற் கல்லூரியில் டிப்ளோமா வாங்கிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருக்கவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நாலு வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் பாதி இறக்கத்தில் மறுபடி காற்றுப் போனது.

பின்னேரம் வந்து பொட்டைப் பிய்த்து ஒட்டினேன். வால்வுக்கு அதே ஒரு சாண், பழைய ஒட்டின் ஓரத்திலேயே. இன்னொரு ஒட்டுப் போட்டேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் முறையும் காற்றுப் போனது, பொட்டும் அதே இடத்துக்கு வந்தது.

“கண்ணூறு” என்றார் வீட்டுக்காரர். “இந்த ஊர்ல மொதல் மொதல் சைக்கிள் ஓட்டுற பொம்பள நீ. எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கும்?”

“கண்ணு பட்டாலும் ஒரே எடத்துலயாங்க படும்?”

“அதுதான் கண்ணூறு” என்று முடித்துவிட்டார். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கைபிடியில் கட்டினார். மறுநாளிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண்கள், சைக்கிள் ஊறுகாய் போடப் போகிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சொல்லவே சங்கடப்பட்டார். “டீச்சர், இந்த ரெண்டு கிழமையில மூணு நாள் லேட். திங்கக்கிழம மணி அடிக்க முந்தி நீங்க வரலன்னா நான் பேர எழுதி அனுப்பித்தான் ஆகணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய ஏலாது.”

வருவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சோறு ஆக்கிவிட்டு வாசலில் எட்டிப் பார்த்தால், பின்சக்கரம் நாலாவது முறையாக உட்கார்ந்திருக்கிறது.

கோபம் வந்தால் எனக்கு முதலில் வருவது அழுகைதான். மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டே டயரை நெம்பினேன். பொட்டை ஒட்டினேன். அதே இடம். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் குடையோடு நாத்தனார் வந்தார்.

“வாங்க அண்ணி” என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் அலுமாரிப் பக்கம் போகவில்லை. என் கையைப் பார்த்தார்.

“இது நான் குடுத்த கரண்டிதானே?”

“ஆமாங்க அண்ணி.”

“நாளைக்கி நேரத்துக்குப் போயிருவியா?”

“இந்த லெச்சணத்துல எங்கங்க போறது? அநேகமா ஒங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவேன் போல.”

நாத்தனாரின் முகம் வெளிறியது. குடையையும் கைப்பையையும் சாப்பிட வந்திருந்த தம்பியிடம் நீட்டினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு எதிரே மண்ணிலேயே குந்தினார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“எத்தன தரம் போச்சு?”

“இது நாலாவது.”

“எல்லாம் ஒரே எடத்துலயா?”

“ஆமாங்க. கண்ணூறுன்னு ஒங்க தம்பி சொல்றாரு.”

“அவன் கெடக்கான். டயருக்குள்ள தடவிப் பாத்தியா?”

“ஓட்ட டியூப்புலதானே அண்ணி?”

பதினான்கு வருடமாக என் அலுமாரியை அளந்த அந்த ஆள்காட்டி விரலை டயரின் உட்பக்கத்தில் வைத்து, மெதுவாக, அங்குலம் அங்குலமாக ஓட்டினார். வால்வுக்கு ஒரு சாண் தள்ளி விரல் நின்றது. விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சேலையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் குத்தி நெம்பி, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓர் அரிசி நீளத்தில் மிலாறுச் சிராய். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே முனை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் ஒட்ட ஒட்ட அது குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகள் கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டு விடையை மட்டும் அழித்து அழித்து எழுதினால் நான் எத்தனை கத்துக் கத்துவேன்!

“அக்கா, ஒனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?” என்றார் வீட்டுக்காரர், கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி.

“மொதல் அப்பாயின்மென்ட் மன்னார்லதானே? மூணு வருஷமும் சைக்கிள்லதான் போனேன். அங்க பாதையெல்லாம் முள்ளு.”

“வீட்ல யாருக்கும் நீ சொல்லவே இல்லியே!”

“சொல்லி, அப்பாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?”

சொலூஷனை அவரே பூசினார். நான் ஸ்திரிக்கைப்பெட்டியைப் பிடித்தேன். அது காயும் வரைக்கும் இருவருக்கும் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் பழைய ஒட்டுகளைத் தடவிப் பார்த்து “பரவால்ல” என்றார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

“ஒன்னைய எங்கிட்ட இணைக்க வேண்டி வரலாம்னு வெள்ளிக்கெழமையே ஒங்க அதிபர் எனக்கும் சொன்னாரு. மூணு நாளா சோறு எறங்கல.”

“ஏங்க அண்ணி?”

“நீ கோவக்காரி. நான் அலுமாரியத் தொட்டா நீ என்னைய எப்பிடிப் பாக்குறன்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம ஒரு நாள் தாங்கிக்கலாம். கெழமைக்கு அஞ்சு நாள் என்னால ஏலாதும்மா.”

என் மனதில் இருந்ததை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். நாத்தனாரின் பாடசாலை வாசலைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வழக்கத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்த்தார். அது நிறைந்த காற்றோடு உருண்டதைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. நானும் பல் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினேன். பதினான்கு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மனதாரச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான், நான் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது.