அண்ணாவின் மெட்டின் பின்பாதி

அந்தப் பப்பின் சிவப்புக் கம்பளத்தில் அண்ணா சம்மணம் கட்டி இருந்ததுதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. கடல் தாண்டி வந்து கிளேட்டனில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அயர்லாந்துக்காரர் சிலர் அங்கே வட்டமாக இருந்து தங்கள் ஊர் மெட்டுகளை வாசிப்பார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. ஒருவர் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எழுபத்து நான்கில் ஒருநாள், கார்த் தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு, அண்ணா அந்த வட்டத்துக்குள் போய்த் தரையில் இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"கதிரையில இருக்கக் காசு கேட்கமாட்டோம், மேட்!" என்றார் அக்கார்டியன்காரக் கிழவர்.

கதிரையில் இருந்தால் தனக்குக் கை ஓடாது என்றார் அண்ணா. அடுத்த வெள்ளி அவருக்காக மேசையைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தையல் தொழிற்சாலையில் வேலை. சுரம் எழுதத் தெரியாது. அண்ணா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே வீட்டுக்குள் கொஞ்சம் வாசிப்பேன். பப்பில் லெமனேட்டோடு ஒரு மூலையில் இருப்பேன், அவ்வளவுதான். அண்ணா தானே ஒரு மெட்டுக் கட்டினார். முன்பாதி அவர்களுடையதைப் போலத் துள்ளும். பின்பாதி எங்களுடையதைப் போல இழைந்து போகும். அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கட்டிய மெட்டை அவர்தான் தொடங்க வேண்டும்; அவர் இறந்துவிட்டால் அவர் வீட்டு ஆள் தொடங்கும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

அண்ணா வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் செத்துப்போனார். செத்தவீட்டுக்கு அக்கார்டியன்காரர் வந்து என் கையைப் பிடித்து, "நீ எடுத்தால்தான் நாங்கள் வாசிப்போம்," என்றார்.

எங்கள் வழக்கமோ வேறு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. ரேடியோகூடப் போடக்கூடாது. நாங்கள் இருப்பது அம்மாவின் தங்கை சின்னம்மாவின் வீடு. அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த மௌனத்துக்குள் இருக்க இருக்க, அண்ணாவின் மெட்டின் பின்பாதி என் தலையிலிருந்து நழுவத் தொடங்கியது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஒலிப்பதிவும் இல்லை. அந்த வட்டத்துக்காரரின் விரல்களில் மட்டும்தான் அது இருந்தது. அண்ணாவை ஒருமுறை எரித்தாயிற்று. மிச்சம் இருந்ததையும் எரியவிட என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வயலினை எடுத்தேன்.

"துடக்கோட எங்க போறாய்? அதுவும் குடிக்கிற இடத்துக்கு, ஒரு பொம்பிளைப் பிள்ளை! முப்பத்தொண்டு முடியட்டும்."

"முடியிறதுக்குள்ள மறந்து போயிடும், சின்னம்மா."

"வெட்கமில்லையோ உனக்கு? அண்ணன் செத்த துக்கம் இல்லையோ?"

"அண்ணா செத்தது எனக்குத்தான். எப்பிடி அழுறதெண்டு நான் பாத்துக்கொள்ளுறன்."

பப்பில் என்னைக் கண்டதும் மேசையைத் தள்ளி வைத்தார்கள். நானும் தரையில்தான் இருந்தேன். எனக்கும் வேறு விதமாக வராது. முன்பாதியைத் தொடங்கினேன். ஒருவரும் சேரவில்லை, தனியே விட்டார்கள். அது முடிந்த இடத்தில் பின்பாதி எனக்கு நினைவுக்கு வரவில்லை. வில் நின்றது. அப்போது கிழவரின் அக்கார்டியன் மெல்ல அடுத்த அடியை எடுத்தது. புல்லாங்குழல் சேர்ந்தது. அண்ணா இழுக்கிற இடத்தில் இழுத்து, விடுகிற இடத்தில் விட்டு, வெள்ளைக்காரர் அத்தனை பேரும் வாசித்தார்கள். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடிப் பிடித்தேன். கைக்கு வரும்வரை திரும்பத் திரும்ப வாசித்தோம்.

அந்தியேட்டி முடிந்து மாதங்களாகின்றன. இங்கே தமிழர் என்று சில குடும்பங்கள்தான். அவர்கள் கூடும் வீடுகளில் நான் நுழைந்தால் குரல்கள் தாழ்கின்றன. தாழட்டும். போன வெள்ளியும் சின்னம்மா வாசலில் நின்றார்.

"ஆக்கள் கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?"

"தமையன்ர மெட்டு வாசிக்கப் போயிட்டாள் எண்டு சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.