எதிரெதிர்க் கண்ணாடிகள்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில், தேயிலைக்கு நடுவே நின்ற பழைய துரை பங்களாவைச் சுதர்சினிதான் பராமரித்து வந்தாள். முன்பு கொழுந்து பறித்தவள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பங்களாவை வாங்கி விருந்தினர் விடுதியாக்கியபோது, உள்வேலைக்கு அவளையும் பூந்தோட்டத்துக்கு அவள் புருஷன் மாடசாமியையும் எடுத்துக்கொண்டார். பங்களாவுக்குக் கீழே, அதே சரிவில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருவரும் குடியிருந்தார்கள்.

முதலாளிக்குப் பழைய சாமான் என்றால் பைத்தியம். அதிலும் ஒரே ஒரு வகை. இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்துச் செய்தவையாம். நியோகிளாசிக்கல் என்பார். கீழே போகப் போக மெலியும் நேரான கால்கள், வரிவரியாகக் குடைந்த தூண்கள், சட்டங்களில் பொன் பூசிய இலைமாலை, உச்சியில் ஒரு சாடி. எல்லாம் சோடியாக இருக்க வேண்டும் அவருக்கு. மண்டபத்தின் ஒரு சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அதன் கீழே அரைவட்ட மேசை. எதிர்ச்சுவரிலும் அச்சாக அதே கண்ணாடி, அதே மேசை. நடுவில் நின்றால் மண்டபத்துக்குள் மண்டபமாக, சுதர்சினிக்குப் பின்னால் சுதர்சினியாக, நூல் பிடித்தாற்போல் நேரே போய்ப் பச்சையாக மங்கிவிடும்.

“அதுக்குள்ள போய்ட்டா திரும்பி வர முடியாது போலருக்குங்க” என்று மாடசாமியிடம் சொன்னாள்.

“ஒன்னயத் தொடைக்கத்தான் சொன்னாங்க. உள்ள போகச் சொல்லல” என்று அவன் சிரித்தான்.

போன வருடம் ஆடி மாதம், பள்ளத்துப் பக்கச் சுவரோரம் நின்ற தூண் வைத்த அலமாரி தானாகத் திறக்கத் தொடங்கியது. சாத்திவிட்டுத் துடைப்பம் எடுத்து வருவதற்குள் கதவு மெல்ல வந்து நிற்கும். எலி என்று நினைத்தாள். பிறகு பூட்டும் பிடிக்கவில்லை. முதலாளி மாத்தளையிலிருந்து ஹுசைன் பாஸை அனுப்பினார். பழைய தளபாடம் திருத்துவதில் பேர்போன தச்சர்; தச்சர்களை அங்கே பாஸ் என்றுதான் அழைப்பார்கள்.

“ஒண்டும் இல்ல தங்கச்சி. மல ஈரத்துக்கு மரம் ஊதி ஈக்கி” என்று சொல்லி, கதவின் விளிம்பை இழைத்து, அலமாரியின் முன்காலுக்கு ஒரு சிறு மரத்துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் கதவு மறுபடி திறந்தது. அவர் மறுபடி வந்து, தடித்த துண்டு ஒன்றை வைத்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். உள்ளே வரிசை நேராக இல்லை. முதல் நாலைந்து சுதர்சினிகள் வழக்கம்போல் நின்றார்கள். அதற்கப்பால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே ஏறிப்போய்க்கொண்டிருந்தார்கள், மலையேறும் கூட்டம் போல. அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஆட்கள் தங்காத நாட்களில் கண்ணாடிகளைப் படுக்கை விரிப்பால் மூடி வைத்தாள்.

அடுத்த முறை ஹுசைன் பாஸ் வந்தபோது விடாத மழை. விரிப்பை இழுத்துவிட்டு அவரை நடுவில் நிற்கவைத்தாள்.

“எனக்குத்தான் அப்படித் தெரியுதா, பாருங்க பாஸ்.”

அவர் பார்த்தார். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, பள்ளத்துப் பக்கக் கண்ணாடிக்கு மேலிருந்த ஆணியில் தொங்கவிட்டார். மேலே சுவரோடு ஒட்டியிருந்த நூல், தரைக்கு வரும்போது சுவரிலிருந்து ஒரு சாண் விலகி ஆடியது.

“கண்ணாடில பிழ இல்ல. அலமாரிலயும் இல்ல. அடி வெளிய போகுது, சொவர் சாயுது. நான் வந்து வந்து கட்டய வெச்சிட்டுப் போயிக்கேன். அல்லாஹ்வே!”

வெளி விறாந்தையில் நின்று முதலாளியோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். “நாளைக்கே லொறி புடிச்சி எல்லா சாமானயும் கொழும்புக்கு அனுப்பட்டாம். மாடசாமியும் காவலுக்குக் கூடவே போகணுமாம்.”

“லயத்து ஆளுங்க?”

“அதப் பத்தி ஒண்டும் சொல்லல்ல.”

மறுநாள் ஹுசைன் பாஸோடு றிஷாத் என்பவனின் லொறி வந்தது. லயத்து ஆண்கள் மழையில் நனைந்தபடி தூக்கினார்கள். தன் வீட்டில் இல்லாத நல்ல கம்பளிகளால் சுதர்சினி கண்ணாடிகளைச் சுற்றினாள். கடைசியாக அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அவள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போனது. உள்ளிருந்து குளிர்ந்த சேற்று வாடை வந்தது. அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.

அவளே முதலாளிக்கு அழைத்தாள். அவர் பதற்றமில்லாமல் சிங்களத்தில் பேசினார். லயம் எத்தனையோ மழை பார்த்தது, அடுத்த கிழமை தோட்ட நிர்வாகத்தோடு பேசுகிறேன், பொன்பூச்சு நனையாமல் பார்த்துக்கொள் என்றார். அவள் “சரி சார்” என்று வைத்துவிட்டு, நேரே போய் லொறிக்கு முன்னால் நின்றாள்.

“எல்லாத்தயும் எறக்குங்க. மொதல்ல லயத்து ஆளுங்கள ஏத்துங்க.”

றிஷாத் ஹுசைன் பாஸின் முகத்தைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மாடசாமிக்குக் கோபம் வந்தது. “புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? இதெல்லாம் நனைஞ்சா யாரு பதில் சொல்றது?”

“நா சொல்றேன்.”

சாமான்கள் மறுபடி விறாந்தைக்குப் போயின. லயத்தில் பாதிப் பேர் வரமாட்டோம் என்றார்கள். பாப்பம்மா, மாடசாமியின் அக்கா, அடுப்படியை விட்டு நகரவில்லை. “கறி கொதிக்குது, இருடி” என்றாள். சுதர்சினி சட்டியோடு தூக்கி வெளியே வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கிழவர்களும் பிள்ளைகளும் ஏறவே லொறி நிறைந்துவிட்டது. மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள்.

மாடசாமி விறாந்தையில் சாமான்களுக்கு நடுவே நின்றான்.

“வாங்க. அத விட்டுட்டு வாங்க.”

“நீதான் எறக்கிட்ட. யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல? லொறி திரும்பி வரட்டும், ஏறிக்கிறேன்.”

அவளுக்கு வாதாட நேரமில்லை. லொறியில் இடம் கிடைக்காத பாப்பம்மாவால் நடக்க முடியவில்லை, கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

கீழே பள்ளிக்கூடத்தில் ஆட்களை இறக்கிவிட்டு றிஷாத் திரும்பிப் போனான். சிறிது நேரத்தில் வெறும் லொறியோடு வந்துவிட்டான். வழியில் பாதை அரித்துப்போய்விட்டது என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே மலைப்பக்கமிருந்து ஓர் உறுமல் எழுந்தது. இடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அது அடங்காமல் நீண்டுகொண்டே போனது. பள்ளிக்கூடத்துத் தரை பாதத்துக்கடியில் நடுங்கியது. சுதர்சினி மழைக்குள் ஓடினாள். ஹுசைன் பாஸ் பின்னால் ஓடிப்போய், கூச்சம் பாராமல் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது. பங்களாவில் சமையலறை மிஞ்சியது. மாடசாமியை வெகு கீழே, ஓடைக்குப் பக்கத்தில் எடுத்தார்கள்.

செத்த வீட்டுக்கு முதலாளி வந்தார். தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுதர்சினிக்கு அவர்மேல் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

இப்போது அவளும் பாப்பம்மாவும் இரத்தோட்டையில் ஓர் அறையில் இருக்கிறார்கள். கடை ஒன்றுக்குக் கராம்பு தரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். லயத்து ஆட்கள் எங்கு கண்டாலும் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பிள்ளைகளைக் காட்டுவார்கள். அவள் அவசரமாக ஏதாவது சொல்லி விலகிப்போவாள்.

அன்றொரு நாள் பாப்பம்மாவும் அதையே சொன்னாள். “நீ லொறிய மறிக்காட்டி நாங்க எல்லாரும் மண்ணுக்குள்ளதான்.”

“மறிக்காட்டி அவரு சாமானோட கொழும்புக்குப் போயிருப்பாரு அண்ணி.”

பாப்பம்மா கராம்புத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வெளியே மழை வலுத்தது. இருவரும் மலைப்பக்கம் காது கொடுத்தபடி, கை நின்றுபோய், அது குறையும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.