ஓட்டம் இருந்தால் கட்டுப்படியாகும்

மின்சார கார் வாங்கியதும் எங்களுக்குக் காசு கொழுத்துவிட்டது என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. சிதம்பரத்தில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்காமல் கடலூரில்தான் கிடைத்தது. வாரம் மூன்று நாள், எங்கள் பழைய பெட்ரோல் காரில் போய் வந்தோம். "ரெண்டு நாளு போதும்னுட்டாங்க" என்று ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னார். அப்படி யாருமே சொல்லவில்லை என்பது டாக்டரிடம் நான் திட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க அவராகவே ஒரு நாளைக் குறைத்திருக்கிறார்.

அதனால்தான் மின்சார கார் பார்க்கப் போனோம். கடலூர் ஷோரூமில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். அதே அளவு பெட்ரோல் காரைவிட விலை கூடுதல். ஆனால் வீட்டுக் கரண்டிலேயே சார்ஜ் ஏறும், ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது.

"ஓட்டம் இருந்தாத்தான் கட்டுப்படியாகும் சார். சும்மா நிறுத்தி வெச்சா நஷ்டம். உங்க ஓட்டத்துக்கு, ஜாஸ்தியா குடுத்த காசு நாலு வருஷத்துல வந்துடும்."

"நாலு வருஷமா?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "அப்ப பெட்ரோல் வண்டியிலயே போயிக்கலாம்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அங்கேயே மின்சார காருக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் சொன்ன கணக்கு பொய்யில்லை. ஒரு நடைக்குப் போட்ட பெட்ரோல் காசில் இரண்டு வாரம் ஓடியது. சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை. திரும்பும்போது பாதி வழியில் புதுச்சத்திரம் வருவதற்குள் அவர் தூங்கிவிடுவார். "நான் போயிட்டா வண்டிக்கு நஷ்டம். அதுக்காவது போயிட்டு வருவோம்" என்பார். கிண்டல்தான். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு நாளும் தவறாமல் வந்தார். எனக்கு முதல் வருடம் வழியெல்லாம் அழுகை வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஓட்டுவேன், அங்கே போய் உட்கார்ந்திருப்பேன், திரும்ப ஓட்டுவேன்.

நான்கு வருடம் முடிந்த பிறகு வந்த ஆனித் தேர். எங்கள் வீடு சிதம்பரத்தில் தேரோடும் வீதியில் இருக்கிறது. முதல் நாளே வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும், அப்புறம் எதுவும் அசையாது. தேர் போய் முடியும்வரை கரண்டும் இருக்காது. மற்ற வருடங்களில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய், பைபாஸ் பக்கம் இருக்கும் தம்பி வீட்டில் நிறுத்துவேன். இந்தத் தடவை காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அலுப்பில் நேராகத் தம்பி வீட்டிலேயே நிறுத்திப் பூட்டி, சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்ரோல் வண்டிக் காலத்துப் பழக்கம். சார்ஜர் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் டயாலிசிஸ் நாள். காலையில் தம்பி போன் செய்தான். "அக்கா, வண்டில கால்வாசி கூட இல்ல. கடலூர் தாங்காது. வாடகை வண்டி சொல்லட்டுமா?"

பக்கத்தில் நின்ற அவருக்கும் கேட்டுவிட்டது. "விடு. வண்டிதான் போட்ட காச எடுத்துடுச்சே. இனிமே போனா என்ன, போவாட்டி என்ன" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றைக்குக் கடலூர் போக வேண்டாம் என்கிற நிம்மதிதான் வந்தது. நான்கு வருடத்தில் எனக்கு வந்த ஒரே நிம்மதி அது.

"வேணாம்டா" என்று தம்பியிடம் சொல்லி போனை வைத்தேன்.

அவர் ஏற்கெனவே சட்டை போட்டு, செருப்பு மாட்டி, ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் திட்டி இழுத்துக்கொண்டு போவேன் என்று நம்பித்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்தபடி குனிந்து, செருப்பைக் கழற்றினார்.